தோட்டத்து வீடுகளின் முகம்

'பங்களா' என்னும் சொல்லைத் தோட்டத்தில் பெரிய துரையின் வீட்டுக்கே வைத்துப் பழகிவிட்டோம். மேட்டின் மேல் தனியாக நிற்கும், சுற்றிலும் புல்வெளி, பக்கமெல்லாம் அகன்ற தாழ்வாரம். ஆனால் அச்சொல் பிறந்த இடம் வங்காளத்துக் குடியானவரின் கூரை வீடு. வங்காளத்து வீடு என்பதுதான் பங்களா ஆயிற்று. பதினேழாம் நூற்றாண்டில் அங்கே வாணிபம் செய்ய வந்த ஆங்கிலேயர், தாழ்ந்து இறங்கும் கூரையும் நிழல் தரும் தாழ்வாரமும் வெயிலுக்கு ஏற்றவை என்று கண்டு, தாமும் அப்படியே கட்டிக்கொண்டனர். ஏழையின் குடிசை இப்படித் துரையின் இல்லமாகி, பின்னர் மலாயாவுக்கும் கப்பலேறி வந்தது.

அதே சொல் அமெரிக்காவுக்கும் போயிற்று. அங்கே குஸ்தாவ் ஸ்டிக்லி என்பவர் 1901 முதல் 1916 வரை 'கிராஃப்ட்ஸ்மன்' என்னும் இதழை நடத்தினார். கைவினைஞன் என்பது அப்பெயரின் பொருள். இயந்திரத்தில் வார்த்த பூவேலைகளை வீட்டின் மேல் ஒட்டிக்கொண்டிருந்த காலம் அது. வீட்டைத் தாங்கும் உத்திரமும் கைமரமும் கண்ணுக்குத் தெரிந்தாலே போதும், அதுவே அழகு என்பது அவர் கட்சி. அகன்ற இறவாரம், வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கைமர நுனிகள், தடித்த தூண்கள் தாங்கும் முன்திண்ணை, மரத்தின் இயல்பான நிறம் ஆகியவற்றைக் கொண்டு எழுந்த வீடுகளுக்கு அவ்விதழின் பெயரே நிலைத்துவிட்டது. கலிபோர்னியாவின் பாசடீனா நகரில் கிரீன் சகோதரர்கள் 1908இல் கட்டத் தொடங்கிய கேம்பிள் இல்லம் இந்த வகையில் பெரும்புகழ் பெற்றது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்கர் பலர் இவ்வகை வீடுகளைப் 'புதுப்பித்தனர்'. பலகைச் சுவரின் மேல் அலுமினியத் தகட்டை அடித்தனர். திண்ணையை அடைத்து அறையாக்கினர். இறவாரத்தைப் பெட்டி போல மூடினர். அரை நூற்றாண்டு கழிந்தபின் அவர்கள் பிள்ளைகள் பணம் செலவழித்து அதையெல்லாம் உரித்தெடுத்தார்கள். உரித்த இடத்தில் பழைய பலகை பெரும்பாலும் நன்றாகவே இருந்தது. ஆயினும் நீர் உள்ளே புகுந்து வெளியேற வழியில்லாமல் போன இடங்களில் மட்கியிருந்தது. இந்தச் செய்தியை மனத்தில் வைத்துக்கொண்டு நாம் கெடாவுக்கு வருவோம்.

1909ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி கெடா சயாமின் மேலாட்சியிலிருந்து ஆங்கிலேயரின் கைக்கு மாறியது. அதையொட்டிய ஆண்டுகளில் ரப்பர் நடவு வேகம் கொண்டது. கூலிம், சுங்கை பட்டாணி, பீடோங் வட்டாரங்களிலும், கெத்தில் ஆறு மூடா ஆற்றோடு கலக்கும் கோலா கெத்தில் பக்கத்திலும் காடுகள் அழிந்து கித்தா மரங்கள் எழுந்தன. தோட்டங்களுக்குத் துரைமார் தத்தம் ஊர் நினைவாகப் பெயர் வைத்தார்கள். கோலா கெத்திலில் உள்ள பேடனாக் தோட்டத்தின் பெயர் ஸ்காட்லாந்தின் மலைப்பகுதி ஒன்றினுடையது. பீடோங்கிலோ ஹார்வர்ட் தோட்டம். அது நெடுங்காலம் அமெரிக்க ரப்பர் நிறுவனம் ஒன்றின் கையில் இருந்தது. நம்மவர்கள் அப்பெயர்களை நாவுக்கு ஏற்றபடி திருத்திக்கொண்டதோடு, பல தோட்டங்களுக்குச் சொந்தமாகத் தமிழ்ப் பெயரும் வைத்துக்கொண்டார்கள்.

தோட்டத்தில் வீட்டின் முகத்தைப் பார்த்தே உள்ளே இருப்பவரின் பதவியைச் சொல்லிவிடலாம். மேட்டில் துரையின் பங்களா. கொஞ்சம் கீழே கிராணிமார் வீடுகள். சிறு தாழ்வாரம், முன்னே பூச்செடி. அதற்கும் கீழே லயங்கள். பழைய லயம் என்பது கால்கள் மேல் நின்ற நீண்ட பலகைக் கொட்டகை. முதலில் அத்தாப்புக் கூரை, பிறகு தகரம். ஒரு குடும்பத்துக்கு ஓர் அறை; முன்னால் பொதுவான நடை. அறைகள் முதுகோடு முதுகு ஒட்டிய லயங்களில் பின்பக்கச் சன்னலுக்கே இடமில்லை. அந்த வீட்டுக்கு இருந்ததெல்லாம் முகம் ஒன்றுதான்.

கால்களின் மேல் எழுப்பியது வீண் வேலை அன்று. ஆற்றோரத் தோட்டங்களுக்கு வெள்ளம் புதிதில்லை. கால்களுக்குக் கீல் பூசினார்கள். காலுக்கும் உத்திரத்துக்கும் இடையே, ஓரம் கீழ்நோக்கி மடிந்த தகரத் தட்டு ஒன்றை வைத்தார்கள். கறையான் அதைச் சுற்றிக்கொண்டு ஏறினால் மண்பாதை வெளியே தெரிந்துவிடும், உடனே தட்டிவிடலாம். இன்றும் பழைய பலகை வீடுகளில் இந்தத் தட்டைக் காணலாம். அழகுக்கு இடைஞ்சல் என்று அதைச் சிமெண்டு வைத்து மூடுகிறவர்கள், கறையானுக்கு மறைவான ஏணி கட்டிக் கொடுக்கிறார்கள்.

இனி முக்கியமான செய்திக்கு வருவோம். லயத்து வீடு வேலையோடு ஒட்டியது. வேலை போனால் வீடு போயிற்று. ஓய்வு பெற்றாலும் காலி செய்ய வேண்டும். நாளைக்கு நம்முடையது அல்லாத சுவருக்கு இன்றைக்கு யார் வண்ணம் பூசுவார்கள்? கணக்குப் பார்க்கிறவர்கள் பூசமாட்டார்கள். நம் மக்கள் பூசினார்கள். தோட்ட நிருவாகம் அடித்த வெள்ளைச் சுண்ணாம்பின் மேல் தீபாவளிக்குத் தம் செலவில் கதவுக்கும் சன்னலுக்கும் பச்சையோ நீலமோ தீட்டினார்கள். வாசலில் சாணம் தெளித்துக் கோலமிட்டார்கள். செம்பருத்தி வேலி, முருங்கை, கறிவேப்பிலை, ஒரு துளசி மாடம். ஒரே அச்சில் வார்த்த இருபது வாசல்களில் எது யார் வீடு என்று தூரத்திலிருந்தே தெரிந்தது. துரை வரைந்த வரைபடத்தில் இவற்றுக்கு இடமே இல்லை. ஆனாலும் கெடாவின் கட்டடக் கலையை எழுதுகிறவர்கள் இவற்றை விட்டுவிட்டால் பாதியைத்தான் எழுதினவர்களாவர் என்பது நம் எண்ணம்.

குடும்பம் பெருத்தபோது முன்தாழ்வாரத்தைப் பலகை வைத்து அடைத்தார்கள். பழமையைப் போற்றுகிறவர்கள் இதைக் கண்டு முகம் சுளிப்பதுண்டு. ஓர் அறையில் ஏழு பேர் படுத்த வீட்டில் தாழ்வாரத்தை அடைத்தது குற்றமா? அமெரிக்காவில் திண்ணையை அடைத்ததும் இதுவும் ஒன்றாகா.

1950களில் தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டபோது, வேலையோடு வீட்டையும் இழந்தவர்கள் பலர். அந்த நெருக்கடியில்தான் 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் முன்னின்று தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். சங்கம் முதன்முதலாக வாங்கிய தோட்டம் நம் கெடாவில் உள்ள புக்கிட் சீடிம். 1966இல் தொழிலாளர் வீடுகளின் குறைந்தபட்சத் தரத்துக்கென ஒரு சட்டம் வந்தது. 1990இல் அதன் இடத்தைப் புதிய சட்டம் பிடித்தது. லயங்கள் போய் இரட்டை வீடுகளும் தனி வீடுகளும் வந்தன. பின்னர் ரப்பர் இருந்த இடங்களில் செம்பனை வந்தது. பிள்ளைகள் தாமான்களுக்குக் குடிபெயர்ந்தார்கள். இன்று எஞ்சியுள்ள பழைய பலகை வீடுகள் கொஞ்சம். அவற்றைப் புதுப்பிக்க விரும்புகிறவர்களுக்காகவே சில செய்திகளைச் சொல்கிறோம்.

அண்டையில் உள்ள பினாங்கில் 'நீல மாளிகை' என்று பெயர் பெற்ற சோங் ஃபட் சீயின் வீடு இருக்கிறது. சுண்ணாம்போடு இந்தியாவிலிருந்து வந்த அவுரிச் சாயத்தைக் கலந்து பூசியதால் வந்த நீலம் அது. பாழடைந்து கிடந்த அம்மாளிகையை 1989இல் ஆர்வலர் சிலர் வாங்கிப் பழைய முறையிலேயே செப்பனிட்டார்கள்; 2000இல் அதற்கு யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுடைமை விருது கிடைத்தது. அங்கே சுண்ணாம்பைத் திரும்பப் பூசியதற்குக் காரணம் பழமைப் பற்று மட்டுமல்ல. பழைய செங்கற்சுவர் நிலத்தின் ஈரத்தை உறிஞ்சும். சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை வெளியே விட்டுவிடும். சிமெண்டும் நெகிழி கலந்த வண்ணமும் அதைத் தடுக்கும். ஈரம் உள்ளேயே நின்று உப்பாகப் பூக்கும். பூச்சு பாளம் பாளமாக உரியும். சுங்கை பட்டாணியிலும் கூலிமிலும் உள்ள பழைய கடை வீடுகளின் ஐந்தடியில் தூண்களை உற்றுப் பார்த்தால் இந்த நோயை நாமே காணலாம்.

பலகை வீட்டுக்காரர்கள் முதலில் பார்க்கவேண்டியது கூரை நீர். இறவாரத் தகரமும் நீர்த்தாரையும் சரியாக இருந்தால் சுவரின் பாதி நோய் தீர்ந்தது. அடுத்து கால்கள், பிறகு பலகை, வண்ணம் கடைசி. நம்மில் பெரும்பாலோர் வண்ணத்தில்தான் தொடங்குகிறோம், பண்டிகை நெருங்குவதால்! பழைய கல்நார்க் கூரையை அறுக்கவோ துளையிடவோ வேண்டாம். அதன் தூசி நுரையீரலுக்குப் பகை. பழைய எண்ணெய் வண்ணத்தில் ஈயம் இருக்கக்கூடும். ஆகவே உலர்ந்த நிலையில் தேய்க்காமல், நீர் தெளித்து ஈரமாக்கிச் சுரண்டவேண்டும். குழந்தைகள் பக்கத்தில் இருக்கக் கூடாது.

அப்படிச் சுரண்டும்போது ஒரு வேலை செய்து பார்க்கலாம். கதவு நிலையில் உள்ளங்கை அளவு இடத்தை எடுத்துக்கொண்டு, அடுக்கு அடுக்காக மெல்லச் சுரண்டவேண்டும். மேலே சென்ற ஆண்டின் மஞ்சள், அதன் கீழே ஒரு நீலம், அதற்கும் கீழே பச்சை, அடியில் சுண்ணாம்பு என்று வரிசையாக வெளிப்படும். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் எந்த நிறம் எந்தத் திருமணத்துக்குப் பூசியது என்று சொல்லிவிடுவார்கள். அந்த இடத்தை மட்டும் பூசாமல் விட்டுவிட்டு, மீதியைப் பூசிக்கொள்ளலாம்.