ஆலைகள் நின்ற நிலத்தில் பிள்ளைகளுக்கு இடமுண்டா?

எமது சமூகத்தின் இளந்தம்பதியினர் பலர் இன்று ரொறன்ரோவின் நகர மையத்திலே தொழில் புரிகின்றனர். முதற்பிள்ளை பிறந்ததும் அவர்கள் முன்னே ஒரு கேள்வி எழுகின்றது. வேலைக்கு அண்மையில் நகரத்திலேயே இருப்பதா, அன்றி மார்க்கத்துக்கோ ஏஜக்ஸுக்கோ குடிபெயர்வதா? நகரத்தில் இருக்க விரும்புவோர் மூன்று படுக்கையறைகள் கொண்ட கொண்டோ ஒன்றைத் தேடிக் களைத்துப்போகின்றனர். பழைய தொழிற்சாலைப் பகுதிகளில் வானுயர எழுந்து நிற்கும் நூற்றுக்கணக்கான மாடிகளில், ஒரு குடும்பம் வாழத்தக்க வீடு ஏன் இவ்வளவு அரிதாயிற்று? இதற்கான விடை அந்நிலங்களின் வரலாற்றிலேயே உள்ளது.

சிறையும் ஆலையும்

கிங் வீதிக்குத் தெற்கே, புகையிரதப் பாதைகளால் சூழப்பட்டுக் கிடப்பது லிபேட்டி விலேஜ். 'விடுதலை' என்னும் பொருள்பட்ட இப்பெயருக்கு ஒரு சிறைக்கதை உண்டு. 1870களில் இங்கு மத்திய சிறைச்சாலை அமைக்கப்பட்டது. 1880இல் பெண்களுக்கான மேசர் சீர்திருத்தச் சாலை திறக்கப்பட்டது. தண்டனை முடிந்து வெளியேறியோர் முதலிற் கால்வைத்த வீதியே லிபேட்டி வீதி என்பர். மத்திய சிறை 1915இலும், பெண்கள் சிறை 1969இலும் மூடப்பட்டன. மத்திய சிறையின் சிற்றாலயம் ஒன்று மட்டும் இன்றும் அங்கே எஞ்சி நிற்கின்றது.

சிறைக்கு அருகே ஆலைகள் வந்தன. விவசாயக் கருவிகள் செய்த மாசி நிறுவனம் 1879இல் கிங் வீதிக்கு இடம்பெயர்ந்தது. 1881இல் ஜோன் இங்லிஸ் நிறுவனம் ஸ்ட்றாக்கன் வீதிக்கு வந்தது. இரண்டாம் உலகப்போரிலே இங்லிஸ் ஆலை பிறென் துப்பாக்கிகளை உற்பத்தி செய்தது. உச்சக்கட்டத்தில் 17,000க்கு மேற்பட்டோர் அங்கு பணியாற்றினர். அவர்களுட் பெருந்தொகையினர் பெண்கள். அவர்களுள் ஒருவரான வெரோனிக்கா பொஸ்ரரின் நிழற்படம் கனடா முழுவதும் போர்க்காலப் பிரசாரத்துக்குப் பயன்பட்டது.

போர் முடிந்தபின் காலம் மாறியது. புகையிரதத்தின் இடத்தைப் பாரவூர்தி பிடித்தது. பல மாடி ஆலைகளுக்குப் பதிலாக, நெடுஞ்சாலையோரத்தில் மலிவான நிலத்திலே பரந்து கிடக்கும் ஒற்றைத்தள ஆலைகளை நிறுவனங்கள் விரும்பின. நகரத்து ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. இங்லிஸ் ஆலையும் 1989இல் மூடியது. ஆலை போனது, நிலம் எஞ்சியது. அந்த நிலத்தை என்ன செய்வது என்ற கேள்விக்கு ரொறன்ரோ மாநகரம் வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு விடைகளைக் கண்டது.

முதல் விடை: சென் லோறன்ஸ்

1972இல் நகரபிதாவாகத் தெரிவான டேவிட் குறொம்பியின் காலத்தில், சென் லோறன்ஸ் சந்தைக்கு அண்மையில் களஞ்சியங்களும் வெற்றுத் தரிப்பிடங்களுமாய்க் கிடந்த 40 ஏக்கருக்கு மேற்பட்ட பழைய தொழில் நிலத்திலே ஓர் ஊரையே அமைக்க மாநகரசபை முனைந்தது. 1973இல் திருத்தப்பட்ட தேசிய வீடமைப்புச் சட்டம் கூட்டுறவு வீடுகளுக்கும் இலாபநோக்கற்ற வீடுகளுக்கும் மத்திய அரசின் நிதியைத் திறந்துவிட்டிருந்தது. அந்த நிதியைக் கொண்டு கூட்டுறவு வீடுகள், வாடகை வீடுகள், சொந்த வீடுகள் யாவும் ஒரே வீதியிற் கலந்து எழுந்தன. எஸ்பிளனேட் வீதியோரம் பத்து மாடிக்கு மேற்படாத கட்டடங்களும், கிளை வீதிகளில் மூன்று தட்டு வரிசை வீடுகளும் அமைந்தன. 1979இல் முதற்குடிகள் வந்து சேர்ந்தனர்.

இங்கு நாம் கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. வீடுகளைக் கட்டிவிட்டுப் பாடசாலையைப் பின்னர் பார்ப்போம் என்று திட்டமிட்டோர் கருதவில்லை. தொடர்மாடிக் கட்டடம் ஒன்றின் கீழ்த்தளத்திலேயே பாடசாலைகள் அமைந்தன. எதிரே நீண்ட பூங்கா. பிள்ளைகள் வருவார்கள் என்று முன்கூட்டியே எதிர்பார்த்துக் கட்டிய ஊர் அது. எதிர்பார்த்தவாறே பிள்ளைகளும் வந்தனர்.

இரண்டாம் விடை: சந்தை

1993இல் மத்திய அரசு புதிய சமூக வீடமைப்புக்கான நிதியை நிறுத்தியது. 1995இல் ஒன்ராறியோ மாகாண அரசும் தன் திட்டங்களைக் கைவிட்டது. மறு ஆண்டு, 1996இல், நகரபிதா பாபரா ஹோலின் காலத்தில், கிங்-ஸ்பாடைனா, கிங்-பார்லிமென்ற் ஆகிய பழைய தொழிற்பகுதிகளில் ஏறக்குறைய 400 ஏக்கர் நிலத்தின் பயன்பாட்டுக் கட்டுப்பாடுகள் தளர்த்தப்பட்டன. ஆலைக் கட்டடங்கள் பாழடையாமல் காப்பாற்றப்பட வேண்டும் என்பதே அன்றைய கவலை. அந்நோக்கம் நிறைவேறியது என்பதை நாம் மறுக்கவில்லை. ஆயின், சென் லோறன்ஸில் இருந்த பொதுநிதி இங்கே இல்லை. எத்தகைய வீடு கட்டுவது என்பதைச் சந்தையே தீர்மானித்தது. 2000களில் இங்லிஸ், மாசி நிலங்களிலும் அவ்வாறே மாடிகள் எழுந்தன. பாடசாலையை நடுவில் வைத்து வரைந்த திட்டம் எதுவும் அங்கே இருக்கவில்லை.

சந்தை ஏன் சிறு வீடுகளையே கட்டியது? கொண்டோ என்பது கட்டி முடித்தபின் விற்கப்படுவதன்று. பெரும்பாலும் வரைபடத்திலேயே விற்கப்படுவது. குறித்த பங்கு வீடுகள் முன்கூட்டியே விலைப்பட்டாலன்றிக் கட்டட நிறுவனத்துக்கு வங்கி கடன் கொடாது. நான்கைந்து ஆண்டுகள் காத்திருக்கக்கூடியவர் யார்? கையில் குழந்தையுள்ள குடும்பம் அன்று. வாடகைக்கு விடும் நோக்குடன் வாங்கும் முதலீட்டாளரே. அவருக்குச் சிறிய வீடே வசதி: மொத்த விலை குறைவு, சதுர அடிக்கு வரும் வாடகையோ அதிகம்.

கட்டடத்தின் அமைப்பும் ஒரு காரணம். படுக்கையறைக்கு யன்னல் வேண்டும். மூன்று படுக்கையறை வீட்டுக்குக் கட்டடத்தின் மூலையே உகந்தது. ஒரு தளத்துக்கு மூலைகளோ நான்குதான். பழைய ஆலைகளை வீடாக்கியபோதும் இதே இடர். இயந்திரங்களுக்காக அகலமாகக் கட்டப்பட்ட அத்தளங்களில் யன்னல்கள் பெரியவை. ஆயின் உட்பகுதிக்கு ஒளி எட்டாது. எனவே அவை பெரும்பாலும் அறைகளற்ற ஒற்றைக்கூடங்களாகவே விற்பனைக்கு வந்தன.

நாம் அறிந்த அனுபவம்

இக்கதை எமக்குப் புதிதன்று. 1983க்குப் பின்னர் அகதிகளாக வந்த எம்மவர் பலரின் முதல் வதிவிடம் சென் ஜேம்ஸ் ரவுண் மாடிகள். 1960களில் அவை கட்டப்பட்டபோது, மணமாகாத இளைஞரும் பிள்ளையற்ற இளந்தம்பதியினருமே அங்கு குடியிருப்பர் என்று கருதப்பட்டது. வந்து சேர்ந்ததோ குடும்பங்கள். ஓரறை வீட்டுக் கூடத்தில் பாய் விரித்து உறங்கியவர்களும், சமையலறை மேசையிற் பாடம் படித்தவர்களும் இதனை வாசிப்போருள் உளர். வசதி வந்ததும் ஸ்காபரோவுக்கும் அப்பாலும் சென்றோம். தனியாள்களுக்கெனக் கட்டிய வீட்டிலே குடும்பம் நடத்துவது என்னவென்பதை எமக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. எமது பிள்ளைகள் இன்று தம் பிள்ளைகளுக்காக அதே நெருக்கடியை எதிர்கொள்கின்றனர் என்பதே எமது கவலை.

மாநகரசபை இதனை உணராமலில்லை. மாடிகளில் பிள்ளை வளர்ப்புப் பற்றிய வழிகாட்டல்களை 2020இல் அது ஏற்றுக்கொண்டது. இருபதும் அதற்கு மேலும் வீடுகளைக் கொண்ட புதிய கட்டடங்களில் குறைந்தது 10 சதவீதம் மூன்று படுக்கையறை வீடுகளாகவும், 15 சதவீதம் இரண்டு படுக்கையறை வீடுகளாகவும் இருத்தல் வேண்டும் என்கின்றன அவ்வழிகாட்டல்கள். மூன்று படுக்கையறை வீட்டுக்கு 100 முதல் 106 சதுர மீற்றர், அதாவது ஏறக்குறைய 1,100 சதுர அடி, பொருத்தமான அளவென்கின்றன. வீட்டை மட்டுமன்றிக் கட்டடத்தையும் அயலையும் சேர்த்துப் பார்க்கச் சொல்கின்றன. எனினும் வழிகாட்டல் சட்டமாகாது. மேலும், அறை இருந்தாலும் விலை எட்டாவிடின் அந்த அறையால் யாருக்குப் பயன்?

2024இல் ரொறன்ரோவின் புதிய கொண்டோ விற்பனை பல பத்தாண்டுகளிற் காணாத அளவுக்குச் சரிந்தது. முதலீட்டாளர் விலகியதும், அவர்களுக்காகவே கட்டிய சிறு வீடுகள் வாங்குவாரின்றித் தேங்கின. சந்தை தானாகவே குடும்பங்களின் தேவையைப் பார்த்துக்கொள்ளும் என்று நம்பியோருக்கு இது ஒரு பாடம்.

அடுத்த நிலம்

டொன் ஆற்றின் முகத்துவாரத்தில், சதுப்புநிலத்தை நிரப்பி உருவாக்கிய பழைய துறைமுகத் தொழில் நிலத்திலே, மூன்று அரசுகளின் நிதியால் ஆற்றுக்குப் புதிய வழி வெட்டப்பட்டுள்ளது. அங்கே உருவான தீவுக்கு 2024இல் ஊக்வேமின் மினிசிங் என்னும் பூர்வகுடிப் பெயர் சூட்டப்பட்டது. ஆயிரக்கணக்கான வீடுகள் அங்கு எழவுள்ளன. அது சென் லோறன்ஸின் வழியிற் செல்லுமா, லிபேட்டி விலேஜின் வழியிற் செல்லுமா?

புதிய கட்டடங்களுக்கான பொதுக்கூட்டங்களில் எம்மவரைக் காண்பது அரிது. இந்நிலை மாறவேண்டும். அடுத்த முறை உங்கள் வீதியில் அபிவிருத்தி அறிவித்தல் பலகை ஒன்றைக் கண்டால், கூட்டத்துக்குச் சென்று மூன்று கேள்விகளைக் கேளுங்கள். மூன்று படுக்கையறை வீடுகள் எத்தனை? அவற்றுள் நடுத்தர வருமானமுள்ள குடும்பத்துக்கு எட்டுபவை எத்தனை? அங்கே வாழப்போகும் பிள்ளை எந்தப் பாடசாலைக்கு நடந்து செல்லும்? சென் லோறன்ஸைத் திட்டமிட்டோர் இக்கேள்விகளை அத்திவாரம் இடுமுன்னரே கேட்டனர். நாமும் கேட்கவேண்டிய வேளை அதுவே.