ஈரான் புரட்சியின் பழைய வேர்கள்

1979 ஜனவரி 16 அன்று ஈரான் மன்னர் முகமது ரேசா ஷா பஹ்லவி விமானம் ஏறி நாட்டை விட்டு வெளியேறினார். பிப்ரவரி 11 அன்று முடியாட்சியே முடிந்து போனது. சுமார் 4 லட்சம் பேர் கொண்ட ராணுவமும் எண்ணெய்ப் பணமும் வைத்திருந்த மன்னரைப் பெரும்பாலும் ஆயுதமில்லாத மக்கள் எப்படி வீழ்த்தினார்கள்? 1978-ல் நடந்ததை மட்டும் பார்த்தால் விடை கிடைக்காது. ஏறத்தாழ தொண்ணூறு ஆண்டுகள் பின்னோக்கிப் போக வேண்டும்.

1890-ல் அன்றைய மன்னர் நாசர் அல்-தீன் ஷா, ஈரானின் புகையிலை வணிகம் முழுவதையும் 50 ஆண்டுகளுக்கு ஓர் ஆங்கிலேயருக்குக் கொடுத்து விட்டார். கடைத்தெரு வியாபாரிகள் கொதித்தார்கள். 1891 டிசம்பரில், மூத்த மத அறிஞர் மிர்ஸா ஷிராஸியின் பெயரில், புகையிலையைத் தொடக்கூடாது என்று ஃபத்வா வந்தது. நாடே புகைப்பதை நிறுத்தியது. மன்னரின் அந்தப்புரத்துப் பெண்கள்கூட ஹூக்காவை ஒதுக்கி வைத்தார்கள் என்று சொல்வதுண்டு. சில வாரங்களில் ஒப்பந்தம் ரத்தானது. வியாபாரியும் மதகுருவும் சேர்ந்தால் மன்னர் பணிவார் என்பதை மக்கள் கண்டுகொண்டது அப்போதுதான். 1905 டிசம்பரில், சர்க்கரை விலையை ஏற்றியதாகச் சொல்லி தெஹ்ரான் வியாபாரிகளை உள்ளங்காலில் அடித்தபோதும் இதே கூட்டணி கிளம்பியது. 1906-ல் நாடாளுமன்றமும் அரசியல் சட்டமும் கிடைத்தன.

அந்த நாடாளுமன்றம் மட்டும் உயிரோடு இருந்திருந்தால் கதை வேறாக இருந்திருக்கும். 1951-ல் எண்ணெயை நாட்டுடைமையாக்கிய பிரதமர் மொசாதேக்கை, 1953 ஆகஸ்டில் அமெரிக்க, பிரிட்டிஷ் உளவுத்துறைகளின் துணையோடு கவிழ்த்தார்கள். ரோமுக்கு ஓடியிருந்த ஷா திரும்பி வந்தார். அன்று முதல் அவர் அந்நியர் உட்காரவைத்த மன்னர் என்றே பலரும் நினைத்தார்கள். எதிர்க்கட்சிகள் நசுக்கப்பட்டன. 1957-ல் சாவாக் என்ற ரகசியப் போலீஸ் வந்தது. குறை சொல்ல எஞ்சிய இடம் மசூதி ஒன்றுதான். ஷாவின் மிகப் பெரிய தவறு இதுதான் எனலாம்.

1963-ல் தொடங்கிய 'வெள்ளைப் புரட்சி' நிலச் சீர்திருத்தம் நல்ல நோக்கமுடையதுதான். ஆனால் நிலம் கிடைக்காதவர்களும், போதாத துண்டு கிடைத்தவர்களும் லட்சக்கணக்கில் நகரங்களின் குடிசைப் பகுதிகளுக்கு வந்து சேர்ந்தார்கள். அதை எதிர்த்துப் பேசிய கொமெய்னி 1963-ல் கைதாகி, 1964-ல் நாடு கடத்தப்பட்டார். பின்னாளில் அவருடைய பேச்சு கேசட்டுகளில் திரும்பி வந்தது.

1973-74-ல் எண்ணெய் விலை நான்கு மடங்கானது. பணம் கொட்டியது, கூடவே விலைவாசியும் ஏறியது. பழியைக் கடைக்காரர்கள் மேல் போட்ட ஷா, 1975-ல் ஆயிரக்கணக்கானோருக்கு அபராதமும் சிறையும் கொடுத்தார். அதே ஆண்டு நாட்டுக்கு ஒரே கட்சி என்று அறிவித்தார். 1976-ல் நாட்காட்டியையே மாற்றினார். ஹிஜ்ரி சூரிய ஆண்டு 1355 ஒரே உத்தரவில் 2535 ஆனது. வியாபாரி, மதகுரு இருவரையும் ஒரே சமயத்தில் சீண்ட இதைவிட வேறு வழி இருந்திருக்காது!

1978 ஜனவரியில் கும் நகரில் மத மாணவர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. இறந்தவர்களின் நாற்பதாம் நாள் துக்கம் தப்ரீஸில் கலவரமானது. கடைத்தெருக்கள் மூடப்பட்டன, வேலைநிறுத்தம் செய்தவர்களுக்கு வியாபாரிகள் பணம் கொடுத்தார்கள். ஆண்டு முடிவதற்குள் எண்ணெய்த் தொழிலாளர்களும் வேலையை நிறுத்த, ஏற்றுமதி நின்று போனது.