நிலக்கரிச் சுரங்க வமிச ஆராய்ச்சி

நிலக்கரிச் சுரங்க வமிச ஆராய்ச்சி என்பது, பிரிட்டனின் கரிப் பிரதேசங்களில் பூமிக்கடியில் உழைத்த தொழிலாளரின் பரம்பரையைப் பழைய பதிவேடுகளின் துணைகொண்டு தேடியறியும் முயற்சியாகும். நார்தம்பர்லாந்து, டர்ஹாம், யார்க்‌ஷயர், லங்காஷயர், தென் வேல்ஸ், ஸ்காட்லாந்தின் நடுப்பகுதி ஆகிய இடங்களில் தலைமுறை தலைமுறையாகக் கரி வெட்டிய இம்மக்கள், நிலமோ சொந்த வீடோ பெரும்பாலும் இல்லாதவராகவும், எழுத்தறிவு வாய்க்காதவர் பலராகவும் இருந்தமையால், தம்மைப் பற்றித் தாமே எழுதி வைத்தது சொற்பம். அவர்களை எண்ணவோ, ஒப்பந்தத்தால் கட்டவோ, அடக்கம் செய்யவோ பிறருக்கு அவசியம் நேர்ந்தபோதுதான் அவர்கள் பெயர் காகிதத்தில் ஏறிற்று. இதை மனத்திற்கொள்ளாமல் தேடுபவர் வீணே அலைவார்.

தேடலுக்கு அடிப்படையானவை ஜனன, விவாக, மரணப் பதிவுகள். இவை இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1837 ஜூலை 1 முதலும், ஸ்காட்லாந்தில் 1855 முதலும் அரசாங்கத்தால் பேணப்பட்டன. விவாகப் பதிவில் மணமகனுடைய தொழிலோடு இருவரின் தந்தையர் தொழிலும் குறிக்கப்படுவதால் ஒரே ஏட்டில் இரு தலைமுறைகள் புலப்படும். கையெழுத்துக்குப் பதிலாக அங்கே கிடக்கும் பெருக்கற்குறியும் ஒரு செய்தியே. 1841ஆம் ஆண்டின் ஜனத்தொகைக் கணக்கில் பதினைந்துக்கு மேற்பட்டோரின் வயது பொதுவாக ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதப்பட்டமையால் அதனை அப்படியே நம்பலாகாது. 1851 முதல் பிறந்த ஊரும் எழுதப்பட்டது. சுரங்கத் தொழிலாளன் புதுக் குழி திறந்த இடத்துக்கும் கூலி மிகுந்த இடத்துக்கும் ஓயாது குடிபெயர்ந்தவன். ஆதலால் பத்தாண்டுக்கொருமுறை எடுத்த கணக்குகளுக்கிடையே அவன் எங்கெங்கு வாழ்ந்தான் என்பதை, மூத்த பிள்ளை ஓர் ஊரிலும் அடுத்தது வேறோர் ஊரிலும் கடைக்குட்டி மற்றோர் ஊரிலுமாகப் பிறந்த அவனுடைய குழந்தைகளின் பிறப்பிடங்களே நமக்குச் சொல்லுகின்றன. தகப்பனைத் தேடுவதற்குப் பிள்ளைகளைப் பின்தொடர்வதினும் சிறந்த உபாயம் இல்லை.

தொழிலின் பெயர்களையும் அறிந்திருத்தல் வேண்டும். வடக்கில் கரி வெட்டுபவர் 'ஹியூவர்'; வெட்டிய கரியை வண்டியில் தள்ளிச் செல்லும் வாலிபர் 'பட்டர்'; காற்றோட்டத்துக்காக அமைந்த கதவை இருளில் அமர்ந்து திறந்து மூடும் சிறுவர் 'டிராப்பர்'. ஒரே மனிதன் இம்மூன்றாகவும் அடுத்தடுத்த கணக்குகளில் தோன்றுவானாயின், அவனது வாழ்வின் படிகள் அவை.

டர்ஹாமிலும் நார்தம்பர்லாந்திலும் தொழிலாளரை ஓராண்டுக் காலத்துக்குச் சுரங்க முதலாளியோடு பிணைத்த ஒப்பந்தம் 'பாண்டு' எனப்பட்டது. அதை மீறிச் சென்றவன் சிறை செல்லவும் நேர்ந்தது. டர்ஹாமில் இவ்வழக்கம் 1872இல் ஒழிந்தது. எஞ்சியுள்ள பாண்டுகளில் தொழிலாளரின் பெயர்கள் அவரவர் குறிகளோடு வரிசையாகக் காணப்படும். ஸ்காட்லாந்தின் நிலைமை இதனினும் கொடியது. அங்கே 1606ஆம் ஆண்டுச் சட்டம் கரித்தொழிலாளரை எஜமானிடம் கட்டிப்போட, சுரங்கம் கைமாறும்போது அவர்களும் உடன் கைமாறினர். 1775, 1799 ஆகிய ஆண்டுகளின் சட்டங்களே அவர்களை விடுவித்தன. ஞானஸ்நானத்தின்போது தகப்பனுக்குச் சிறு தொகை கொடுத்துக் குழந்தையையும் அத்தொழிலுக்கு உரிமையாக்கிக்கொள்ளும் வழக்கமும் இருந்தது. அக்காலத்து முன்னோரைப் பண்ணைச் சொத்துக் கணக்குகளில் தேட வேண்டியிருப்பது நெஞ்சை வருத்தும் உண்மை.

குழந்தைகளின் சொற்களே கிடைக்கும் அபூர்வமான மூலம், 1842இல் வெளியான குழந்தை உழைப்பு விசாரணைக் குழுவின் அறிக்கையாகும். 1838 ஜூலை 4 அன்று யார்க்‌ஷயரின் சில்க்ஸ்டோனை அடுத்த ஹஸ்கர் சுரங்கத்தில் பெருமழை வெள்ளம் புகுந்து 26 சிறுவர் சிறுமியர் மாண்டது இவ்விசாரணைக்கு முன் நிகழ்ந்த கொடுமை. அவர்களது பெயரும் வயதும் அவ்வூர்த் தேவாலய முற்றத்துக் கல்லில் பொறிக்கப்பட்டுள்ளன. அறிக்கையில் குழந்தைகள் பெயரோடும் வயதோடும் பேசுகின்றனர்: கோபர் குழியில் கதவு காத்த எட்டு வயதுச் சாரா கூடர், விளக்கின்றி இருட்டில் இருக்கத் தான் அஞ்சுவதைச் சொல்லியிருக்கிறாள். பாட்டியின் பாட்டி சிறுமியாகப் பேசிய குரலை இத்தகைய ஏட்டில் கேட்க நேரும் பேற்றுக்கு ஈடாக வேறெந்தச் சாசனத்தைச் சொல்வது! 1842ஆம் ஆண்டுச் சட்டம் பெண்களையும் பத்து வயதுக்குட்பட்ட சிறுவரையும் நிலத்தடி வேலையிலிருந்து விலக்கியது. அதன்பின் லங்காஷயரின் விகன் முதலிய இடங்களில் பெண்கள் குழிவாயிலில் கரி பொறுக்கி உழைத்தனர்.

மரணமே மிக அதிகமாக எழுதி வைத்தது. 1862 ஜனவரி 16 அன்று நார்தம்பர்லாந்தின் ஹார்ட்லியில் நீரிறைக்கும் இயந்திரத்தின் மாபெரும் இரும்பு உத்தரம் முறிந்து, சுரங்கத்தின் ஒரே இறங்குகுழியை அடைத்துவிட, ஆடவரும் சிறுவருமாக 204 பேர் மாண்டனர். அவ்வாண்டே இரு வழிகள் வேண்டுமெனச் சட்டம் பிறந்தது. வேல்ஸின் செங்கெனித்தில் 1913 அக்டோபர் 14 அன்று 439 தொழிலாளரும் மீட்கச் சென்ற ஒருவரும் இறந்தனர். ஆயினும் தேடுபவர் பலர் இத்தகைய பெருவிபத்துக்களின் பட்டியலோடு நின்றுவிடுவது பிழை. மேற்பாறை சரிந்து தனித்தனியே மாண்டவர் தொகையோ வெடிவிபத்துக்களில் மாண்டவரினும் மிகுதி. அவர்களைத் தேட, 1850ஆம் ஆண்டுச் சட்டப்படி நியமனம் பெற்ற சுரங்க ஆய்வாளரின் அறிக்கைகளும், மரண விசாரணையை வெளியிட்ட உள்ளூர்ப் பத்திரிகைகளும் உதவும்.

வேல்ஸில் ஒரே பள்ளத்தாக்கில் ஜோன்ஸ்களும் டேவிஸ்களும் எண்ணற்றோர் இருந்ததால், தொழிலோ வீட்டின் பெயரோ சேர்ந்த பட்டப்பெயரே ஆளைப் பிரித்தறியச் செய்தது. அப்பட்டப்பெயர்களை அறிந்த முதியோரிடம் முதலில் விசாரிப்பது நலம்.

இருபதாம் நூற்றாண்டுக்கு வந்தால், 1921ஆம் ஆண்டுக் கணக்கு முதலாளியின் பெயரையே தருகிறது. இங்கிலாந்து, வேல்ஸின் 1931ஆம் ஆண்டுக்கணக்கோ 1942இல் தீக்கிரையாயிற்று. 1947 ஜனவரி 1 அன்று சுரங்கங்கள் தேசிய உடைமையாகிய பின்னரும், பழைய கம்பெனிகளின் ஆட்பதிவேடுகள் பல காக்கப்படவில்லை. டர்ஹாம் மாவட்டத்தின் 1951ஆம் ஆண்டுத் திட்டமோ, சுரங்கம் ஓய்ந்த நூற்றுக்கும் மேற்பட்ட கிராமங்களை 'டி' வகையெனக் குறித்து, மேற்கொண்டு செலவு செய்யாது கைவிடத் தீர்மானித்தது. ஆதலால் முன்னோரின் முகவரியைக் கண்டுபிடித்தவர் அடுத்துப் பார்க்க வேண்டியது ஆர்டனன்ஸ் சர்வேயின் பழைய வரைபடம். நேர்கோடுகளாக வரைந்த குடியிருப்பு வரிசைகளும் குழியின் வட்டமும் அதில் மட்டுமே இருக்கும், நிலத்தில் புல்.