தரங்கம்பாடி மீன்களும் பெர்லின் சாடிகளும்

ஆரல் மீனைக் கண்ணால் காணாத கவிஞரும் அதன் பெயரை அறிவர். குறுந்தொகையில் கபிலர் பாடிய பாட்டொன்றில், களவில் நிகழ்ந்த மணத்துக்கு அருகிருந்தது ஒரு குருகு மட்டுமே. அதுவும் ஆரலுக்காகக் காத்து நின்ற குருகு. நீண்ட உடலும் கூரிய மூக்கும் உடைய, சேற்றில் புதைந்து வாழும் அச்சிறுமீனுக்கு இன்று உலகெங்கும் விலங்கியலார் வழங்கும் பெயர் ‘மாக்ரோக்னாதஸ் ஆரல்’ என்பது. பெயரின் பின்பாதி நம்முடைய சொல்லே. அது எவ்வாறு இலத்தீன் நூலுக்குள் புகுந்தது என்று தேடப் புகுந்தால், காவிரிக் கழிமுகத்தை அடுத்த ஒரு சிற்றூரும், பெர்லின் நகரத்து மருத்துவர் ஒருவரின் வீடும், சாராயம் நிரம்பிய கண்ணாடிச் சாடிகளும் எதிர்ப்படுகின்றன.

மருத்துவரின் பெயர் மார்க்குஸ் எலியேசர் பிளோக். 1723 இல் ஜெர்மனியின் அன்ஸ்பாக் நகரில் ஏழை யூதக் குடும்பத்தில் பிறந்தவர். பத்தொன்பது வயதுவரை எபிரேய எழுத்தன்றி வேறெழுத்து அறியாதவர் என்பர். அதன்பின் ஜெர்மன் கற்றார், இலத்தீன் கற்றார், மருத்துவப் பட்டம் பெற்றார், பெர்லினில் மருத்துவத் தொழில் நடத்தினார். தத்துவ அறிஞர் மோசஸ் மெண்டல்சோனுக்கு மருத்துவம் பார்த்தவரும் இவரே. மீன்களைப்பற்றி எழுதத் தொடங்கியபோது அவருக்கு ஐம்பதைக் கடந்துவிட்டது. நம்மில் ஐம்பதைக் கடந்தபின் புதுத்துறை ஒன்றில் நுழைந்தவர் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்க்கத் தோன்றுகிறது.

1782 முதல் 1795 வரை பன்னிரண்டு தொகுதிகளாக அவருடைய மீன்நூல் வெளிவந்தது. 432 வண்ணப் படங்கள். முதல் தொகுதிகளுக்குத் தம் கைப்பொருளைச் செலவிட்டார். பின்னர் இளவரசர்களும் செல்வரும் படத்துக்கொருவராகப் பொருளுதவினர். உதவியோர் பெயர் படத்தின் அடியில் பொறிக்கப்பட்டது. மலர் வெளியிட்டு விளம்பரம் திரட்டிய நம் வட்டத்தினர்க்கு இம்முறை புதிதன்று.

ஜெர்மன் நாட்டு மீன்களை பிளோக் தாமே வாங்கிப் பார்க்கலாம். அயல்நாட்டு மீன்களுக்கு என் செய்வது? பெர்லினை விட்டு அவர் இந்துமாக்கடல் பக்கம் வந்தவரல்லர். ஹாலந்தில் ஏலம் விடப்பட்ட பழஞ்சேகரங்களை வாங்கினார். கப்பலோடு தொடர்புடைய அன்பர்களுக்கு மடல் எழுதினார். அவ்வன்பர்களுள் தலையாயவர் தரங்கம்பாடியில் இருந்த கிறிஸ்டோப் சாமுவேல் ஜான் என்னும் பாதிரியார்.

தரங்கம்பாடி 1620 முதல் 1845 வரை டேனியர் ஆட்சியில் இருந்தது. 1706 இல் சீகன்பால்கு வந்திறங்கிய செய்தியும் தமிழ் அச்சின் தொடக்கமும் நாம் அறிந்தவை. அம்மிஷனின் பிற்காலத்தவர் பலர் சமயப்பணியோடு இயற்கை நூலாராய்ச்சியும் செய்தனர் என்பது அத்துணை பரவலாக அறியப்படவில்லை. லின்னேயசின் மாணாக்கர் கோனிக் 1768 இல் மருத்துவராக அங்கு வந்து தாவர ஆராய்ச்சிக்கு வித்திட்டார். தமிழ் அகராதி தொகுத்த ரோட்லர், செடிகொடிகளைத் தொகுப்பதிலும் வல்லவர். 1771 இல் வந்த ஜான், 1813 இல் இறக்கும்வரை நாற்பதாண்டுகளுக்கு மேல் அவ்வூரிலேயே தங்கிப் பள்ளிகள் நடத்தினார். சங்கு சிப்பிகளையும் மீன்களையும் பாம்புகளையும் சேகரித்து ஐரோப்பாவுக்கு அனுப்பினார்.

மீனை ஆறு மாதக் கடற்பயணத்துக்கு ஆயத்தம் செய்வது எளிதன்று. சாராயத்தில் ஊறவைக்க வேண்டும். அல்லது உடலை நெடுக்காகப் பிளந்து ஒரு பக்கத்துத் தோலை மட்டும் உரித்து, உலர்த்தி, தாளில் ஒட்டவேண்டும். பிளோக்கின் சேகரத்தில் இருவகையும் உண்டு. மீனோடு ஜான் அனுப்பிய பெருங்கொடை ஒன்று உண்டு. அது மீனின் பெயர். கரையில் வலைஞர் என்ன சொல்லி அழைத்தனரோ அதைக் கேட்டு எழுதி அனுப்பினார். கறுத்த கத்தாளை, ‘ஜோனியஸ் கருட்டா’ என்று 1793 இல் நூலேறியது. முன்பாதி ஜான் பாதிரியாரின் பெயர். பின்பாதி ‘கறுத்த’ என்னும் தமிழ்ப் பெயரெச்சம். இலத்தீன் இலக்கணம் இதனை எங்ஙனம் பொறுத்துக்கொண்டதோ அறியேன். வாளையின் அறிவியற்பெயரில் வரும் ‘அட்டு’ என்பதும் ‘ஆற்று வாளை’யின் முதற்சொல் என்றே தோன்றுகிறது. கறுப்பு வாவல், கொட்டும் முள்ளுடைய தேளி, வரிகளோடு கூடிய சிறு கெளுத்தி ஆகியவற்றை அறிவியலுக்கு அறிமுகம் செய்தவரும் பிளோக்கே. மூன்றற்கும் அவர் குறித்த ஊர் தரங்கம்பாடி.

1799 இல் பிளோக் இறந்தார். முடிவுறாத கையெழுத்துப்படியை முடித்துப் பதிப்பித்தவர் ஷ்னைடர் என்னும் கிரேக்க மொழிப் பேராசிரியர். கிரேக்க அகராதி தொகுத்தவர். அகராதிக்காரர் ஒருவர் கையால் மீன்நூல் நிறைவெய்தியதைப் புலவர்கள் குறித்துக்கொள்ளலாம். 1801 இல் வந்த அந்நூல் துடுப்புகளின் எண்ணிக்கையைக் கொண்டே மீன்களை வகுத்தது; அப்பாகுபாடு நெடுநாள் நிற்கவில்லை. ஆனால் ஆரல் என்னும் பெயர் அந்நூலில்தான் ஏறியது. பாகுபாடு போயிற்று, பெயர் நின்றது.

எல்லாப் பெயருக்கும் இந்நற்பேறு வாய்க்கவில்லை. 1791 இல் டால்டார்ஃப் என்னும் டேனியப் படையதிகாரி, தரங்கம்பாடியில் ஒரு குளக்கரைப் பனையில் ஐந்தடி உயரத்தில் மீன் ஒன்று ஏறிக்கொண்டிருக்கக் கண்டதாக எழுதினார். நம் உழவர் பனையேறிக்கெண்டை என்பது அதுவே. செவுள்மூடியின் முட்களை ஊன்றி ஊர்ந்து செல்லும். செவுளுக்கு மேலுள்ள மடிப்புறுப்பால் காற்றையே மூச்சாகக் கொள்ளும். டால்டார்ஃபின் கட்டுரை லண்டன் லின்னேயக் கழகத்தின் வழியே 1797 இல் வெளிவந்தது. ‘ஏறுவது’ என்னும் பொருளில் இலத்தீன் பெயரும் இட்டார். ஆனால் ஐந்தாண்டு முன்னரே, 1792 இல், பிளோக் அம்மீனுக்கு ‘ஆமையை ஒத்தது’ என்று பெயரிட்டுவிட்டார். அவர் கண்டது உயிரற்ற உடலை; அது ஏறும் என்று உடலைப் பார்த்து எப்படித் தெரியும்? முந்தி இட்ட பெயரே செல்லும் என்பது விலங்கியல் விதி. கண்டவன் இட்ட பெயர் வீழ்ந்தது. சாடியைப் பார்த்தவர் இட்ட பெயர் நின்றது. இவ்விதியைக் குறை கூறுவதற்கில்லை. விதி இல்லாவிடில் ஆளுக்கொரு பெயர் வழங்கி ஒருவர் சொல்வது மற்றவர்க்கு விளங்காது. எனினும் ‘பனையேறி’யை இழந்தது எனக்கு இன்றும் வருத்தமே.

சேகரத்தில் ஒட்டிய சீட்டு பிழையாயின் அப்பிழையும் நிலைபெற்றுவிடும். கேரளத்தார் போற்றும் கரிமீனுக்கு 1790 இல் பிளோக் இட்ட பெயர் சூரத்தைக் குறிக்கிறது. அம்மீனுக்குத் தாயகம் தென்னிந்தியாவும் இலங்கையும். சூரத்துக்காரர் அதற்கு உரிமை கொண்டாட இயலாது. எந்தக் கையில் சீட்டு மாறியதோ, இரு நூற்றாண்டுகளுக்கு மேலாகியும் திருத்துவாரில்லை. இன்னொரு மயக்கமும் உண்டு. பழைய சீட்டுகளில் ‘மலபார்’ என்று இருந்தால் மேற்குக் கரை என்று உடனே முடிவுகட்டலாகாது. அக்காலத்து ஐரோப்பியர் தமிழரையும் தமிழையும் ‘மலபார்’ என்னும் சொல்லால் சுட்டுவது பெருவழக்கு. அவ்வழக்கை அறியாத மீனாராய்ச்சியாளன் வழி தவறுவான். இவ்விடத்தில் அவனுக்குக் கைகொடுக்க வேண்டியவர் மொழி வரலாறு கற்றவரே.

பிளோக்கின் சேகரம் அவருக்குப்பின், 1810 இல் நிறுவப்பெற்ற பெர்லின் பல்கலைக்கழகத்தின் அருங்காட்சியகத்தைச் சேர்ந்தது. அங்கே தலைமுறை தலைமுறையாகக் காப்பாளர்கள் அதனைக் காத்தனர். இத்தொழிலைப்பற்றி நம் இளைஞர்க்கு எவரும் சொல்வதில்லை. புதிய உயிரினத்துக்குப் பெயரிடும் பெருமை சிற்சிலர்க்கே. நாள்தோறும் நிகழ்வது வேறு. சாராயம் ஆவியாகும், அளவு பார்த்து நிரப்பவேண்டும். மூடி இறுகும், சீட்டின் மை மங்கும், பதிவேட்டின் எண்ணும் சாடியின் எண்ணும் ஒவ்வாது போகும். ஒரு பெயருக்கு அடிப்படையாக அமைந்த மீன் உடலை ‘மூலமாதிரி’ என்பர். பெயர் எந்த மீனுக்கு உரியது என்ற வழக்கு எழுந்தால் அதுவே சாட்சி. அச்சாட்சியைச் சாகவிடாமல் காப்பதே காப்பாளர் தொழில்.

1945 பிப்ரவரி 3 அன்று குண்டுவீச்சில் அருங்காட்சியகத்தின் கிழக்குப் பகுதி இடிந்தது. பத்து இருபது ஆண்டல்ல, அறுபதாண்டுகளுக்கு மேல் அப்பகுதி இடிபாடாகவே நின்றது. பிளோக்கின் மீன்களில் சில காலப்போக்கில் மறைந்துவிட்டன. ஆயினும் பல நூறு மீன்கள் எஞ்சின. ஹான்ஸ்-யோவாகிம் பேப்கே என்னும் ஆய்வாளர் அவற்றை ஒவ்வொன்றாகப் பழைய நூலோடும் படத்தோடும் ஒப்பிட்டு, எது மூலமாதிரி, எது அன்று என்று ஆராய்ந்து 1999 இல் விரிவான பட்டியல் வெளியிட்டார். இருநூறு ஆண்டுக்கு முன் இறந்த மீனுக்கு அடையாளம் காண்பது ஓலைச்சுவடியில் பாடபேதம் பார்ப்பதற்கு எவ்வகையிலும் குறைந்ததன்று. இடிந்த கிழக்குப் பகுதி 2010 இல் மீண்டும் எழுந்தது. ஏறத்தாழ 2,70,000 சாடிகள் இன்று அங்கேதான் அடுக்கப்பட்டுள்ளன.

தமிழகத்து மீன்கள் சென்ற ஊர் பெர்லின் மட்டுமன்று. சென்னைப் படையில் மருத்துவராகச் சேர்ந்து, பின்னர் இந்திய மீன்வளத் தலைமை ஆய்வாளரான பிரான்சிஸ் டே (1829–1889), 1875 முதல் 1878 வரை இந்திய மீன்களைப்பற்றிய பெருநூலை வெளியிட்டார். லண்டன் அருங்காட்சியகத்தில் மீன்களைக் காத்த குந்தருக்கும் அவருக்கும் ஒத்துப்போகவில்லை. 1883 இல் தம் சேகரத்தில் பெரும்பகுதியைச் சிட்னியிலுள்ள ஆஸ்திரேலிய அருங்காட்சியகத்துக்கு விற்றுவிட்டார். இரு அறிஞர் பூசலால் நம் நாட்டு மீன்களின் சாட்சிகள் தென்கடல் கடந்தன. டே செய்த நன்மை ஒன்று உண்டு: மீன்தோறும் அதன் உள்ளூர்ப் பெயர்களைத் தமிழ், தெலுங்கு எனப் பிரித்து எழுதிவைத்தார். அவற்றில் சில இன்று எவ்வகை மீனைக் குறிக்கின்றன என்று சென்னையில் கேட்டு அறிய முடியவில்லை.

ஜானுக்கும் டேயுக்கும் மீனைக் கொண்டுவந்து கொடுத்துப் பெயரும் சொன்னவர்கள் யார்? பதிவேட்டில் அனுப்பியவர் பெயர் உண்டு, விவரித்தவர் பெயர் உண்டு, படத்துக்குப் பணம் தந்த இளவரசர் பெயரும் உண்டு. கறுத்தது என்றும் ஆரல் என்றும் வாய்திறந்து சொன்ன வலைஞரில் ஒருவர் பெயரும் இல்லை. 1969 இல் இந்திய ஆய்வாளர் ஒருவர் கத்தாளை இனத்தில் ஒரு புதிய பேரினத்துக்குக் ‘கதாலா’ என்றே பெயரிட்டார் என்பது சிறிது ஆறுதல்.

நம் வட்டத்தில் கடலோர ஊர்களைச் சேர்ந்தோர் சிலர் உளர். கத்தாளையில் தங்கள் ஊர் மக்கள் எத்தனை வகை காண்கின்றனர், ஒவ்வொன்றுக்கும் என்ன அடைமொழி வழங்குகின்றனர் என்பதைச் சொன்னவர் பெயரோடும் ஊரோடும் எழுதி அனுப்பினால், அடுத்த ஆண்டுக் கூட்டத்தில் டேயின் பட்டியலோடு வைத்து ஒப்பிட்டுப் பார்க்கலாம்.