ஹுஸ்னா பாயின் மனு

பாலியல் தொழிலைச் சட்டபூர்வமாக்க வேண்டுமா, அடியோடு ஒழிக்க வேண்டுமா என்று சென்ற மாதம் நண்பர்கள் நாலைந்து பேர் ஓர் அறையில் உட்கார்ந்து இரவு பதினொரு மணிவரை வாதாடினோம். ஒருவர் எங்கெல்ஸில் ஆரம்பித்தார். இன்னொருவர் ஸ்வீடனில் ஆரம்பித்து ஸ்வீடனிலேயே முடித்தார். மூன்றாமவர், ஜி. நாகராஜனைப் படித்தவனுக்கு இந்த விவாதமே அநாவசியம் என்று சொல்லிவிட்டு வெற்றிலை வாங்கப் போய்விட்டார். நானும் உருப்படியாக எதுவும் சொல்லவில்லை. வீட்டுக்கு நடந்து வரும்போதுதான் ஒன்று உறைத்தது. அந்தப் பெண்கள் என்ன கேட்டார்கள் என்ற பேச்சு மூன்று மணி நேரத்தில் ஒரு தடவைகூட எழவில்லை. கேட்டிருக்கிறார்கள், எழுத்தில், கோர்ட்டுக்குப் போய்க் கேட்டிருக்கிறார்கள்.

1958 மே 1ஆம் தேதி. 1956இல் நிறைவேறிய ஒழுக்கக்கேடான வியாபாரத் தடைச் சட்டம் அமலுக்கு வந்த நாள். அன்றே அலகாபாத் ஹைகோர்ட்டில், நீதிபதி ஜகதீஷ் ஸஹாய் முன்பு, ஹுஸ்னா பாய் என்ற இருபத்துநான்கு வயதுப் பெண் ஒரு மனுவோடு நின்றாள். தான் இன்ன தொழில் செய்பவள், இந்தச் சட்டம் தன் ஜீவனத்தைப் பறிக்கிறது, எத்தொழிலும் செய்ய அரசியல் சாசனம் தரும் உரிமை தனக்கும் உண்டு என்பது மனுவின் சாரம். ரோஹித் டே என்ற சரித்திர ஆசிரியர் 2018இல் வெளிவந்த தம் புத்தகத்தில் இந்த வழக்கை விரிவாக எழுதினார். அதுவரை என்னைப் போன்றவர்களுக்கு அவள் பெயர்கூடத் தெரியாது.

அந்தச் சட்டத்தை ஒரு தடவை நிதானமாகப் படித்துப் பார்க்க வேண்டும். ஒரு பெண் பணத்துக்கு உடலைத் தருவதை அது எங்கும் குற்றம் என்று சொல்லவில்லை. ஆனால் வீட்டை அதற்கு விடுவது குற்றம். தெருவில் நின்று அழைப்பது குற்றம். கோயில், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி முதலியவற்றிலிருந்து 200 கஜத்துக்குள் தொழில் நடப்பது குற்றம். அவள் சம்பாத்தியத்தில் தெரிந்தே வாழும் பதினெட்டு வயது தாண்டிய எவரும் குற்றவாளி. அவளோடு கூடவே இருப்பவன் அப்படி வாழ்கிறவன்தான் என்று சட்டமே அனுமானித்துக்கொள்ளும், இல்லையென்று நிரூபிப்பது அவன் பாடு. இதற்கெல்லாம் மேலாக 20ஆம் பிரிவு. ஒரு பெண் இப்படிப்பட்டவள் என்று தகவல் கிடைத்தால் மாஜிஸ்திரேட் அவளுக்கு நோட்டீஸ் அனுப்பலாம். விசாரித்து, பொதுநலன் கருதி, அவள் இருக்கும் இடத்தை விட்டே வெளியேற்றலாம். எழுத்து மூலமான அனுமதியில்லாமல் அவள் திரும்பி வரக்கூடாது. அதாவது தொழில் செய்யலாம். ஆனால் அதைச் செய்ய வீடு, தெரு, ஊர் எதுவும் இருக்கக்கூடாது. ஒட்டி வாழும் மனிதர்களும் இருக்கக்கூடாது.

ஹுஸ்னா பாயை நம்பி ஒன்றுவிட்ட சகோதரி ஒருத்தியும் இரண்டு தம்பிகளும் இருந்தார்கள். தம்பிக்குப் பதினெட்டு முடிகிற அன்று அக்காள் போடும் சோறு அவனுக்குக் குற்றமாகிவிடும். சட்டத்தை வரைந்தவர்கள் தரகனை மனதில் வைத்துத்தான் எழுதியிருப்பார்கள், சந்தேகமில்லை. ஆனால் எழுத்தில் தரகனுக்கும் தம்பிக்கும் வித்தியாசம் இல்லை.

மனு இரண்டு வாரத்தில் தள்ளுபடியாயிற்று. அவளை இன்னும் யாரும் வெளியேற்றவில்லை, அவள்மீது புகாரும் இல்லை, எனவே அவள் உரிமை இதுவரை பாதிக்கப்படவில்லை என்பது காரணம். வெளியேற்றும் பிரிவு பற்றி அவள் சொன்னதில் நியாயமிருக்கிறது என்று நீதிபதியே ஒப்புக்கொண்டார் என்பதையும் சொல்ல வேண்டும். துரத்திய பிறகு வா என்றால், துரத்தப்பட்டவள் எந்த விலாசத்திலிருந்து வருவாள் என்று கேட்கத் தோன்றுகிறது.

துரத்திய பிறகும் வந்தார்கள். கான்பூரில் ஆறு பெண்களுக்கு 20ஆம் பிரிவின் கீழ் நோட்டீஸ் போயிற்று. அவர்கள் வழக்காடி ஹைகோர்ட்டில் ஜெயித்தார்கள். சர்க்கார் விடவில்லை. ஸுப்ரீம் கோர்ட் 1963 அக்டோபரில் அந்தத் தீர்ப்பை ரத்து செய்து, வெளியேற்றும் அதிகாரம் பொதுநலனுக்கான நியாயமான கட்டுப்பாடுதான் என்று முடிவு கட்டியது. கௌசல்யா வழக்கு என்று சட்டப் புத்தகங்களில் இதற்குப் பெயர். தீர்ப்பை எழுதியவர் கே. ஸுப்பா ராவ்.

இந்தப் பெயரில்தான் நான் சற்று நின்றுவிட்டேன். 1962 டிசம்பரில் கரக் சிங் வழக்கு. நிரூபணம் இல்லாமல் விடுதலையான ஒருவனை உத்தரப் பிரதேசப் போலீஸ் பட்டியலில் வைத்துக்கொண்டு, ராத்திரியில் கதவைத் தட்டி, அவன் போக்குவரத்தைக் கண்காணித்து வந்தது. ராத்திரி விஜயம் மட்டும் கூடாது, மற்றக் கண்காணிப்பு இருக்கலாம் என்றது பெரும்பான்மை. கண்காணிப்பு முழுவதுமே தவறு, அந்தரங்கம் என்பது மனித சுதந்திரத்தின் அம்சம் என்று மாறுபட்டு எழுதியவர் இதே ஸுப்பா ராவ். 2017இல் ஒன்பது நீதிபதிகள் சேர்ந்து அவர் பக்கமே சரி என்றார்கள். 1967இல் கோலக்நாத் வழக்கில் அடிப்படை உரிமைகளைப் பார்லிமெண்டும் தொடக்கூடாது என்றவரும் அவர்தான். அப்படிப்பட்டவருக்கு, பத்தே மாதம் கழித்து அதே மாநிலத்திலிருந்து ஆறு பெண்கள் வந்தபோது, ஒரு கதவின் இரண்டு பக்கத்தையும் காண முடியவில்லை. அவரைக் குறை சொல்வது சுலபம். எனக்கென்னவோ இது ஒரு தனிமனிதரின் கோணல் என்று படவில்லை. சுதந்திரத்தைப் பற்றி யோசிக்கும் நம் எல்லோருடைய மனத்திலும் ‘குடிமகன்’ என்று ஒரு உருவம் இருக்கிறது. அந்த உருவத்துக்கு வீடு உண்டு. இவளுக்குத் ‘தொழில் நடக்கும் இடம்’தான்.

‘குறத்தி முடுக்கு’ வந்ததும் அதே 1963தான். வெற்றிலைக்குப் போன நண்பர் திரும்பி வந்திருந்தால் சொல்லியிருப்பேன்.

அப்படியானால் லைசென்ஸ் கொடுத்து ஒழுங்குபடுத்திவிடலாமே என்பார்கள். அதையும் ஒரு தடவை செய்து பார்த்தாயிற்று. 1868இன் 14ஆவது சட்டம், தொற்றுநோய்ச் சட்டம். கல்கத்தாக்காரர்கள் அதைப் ‘பதினாலாம் சட்டம்’ என்றே அழைத்தார்கள். நோக்கம் வெள்ளைச் சிப்பாயின் உடம்பு. போலீஸில் பதிவு, சீட்டு, குறித்த நாளில் உடற்பரிசோதனை, நோயென்றால் தனி ஆஸ்பத்திரியில் அடைப்பு. சிப்பாய்க்குப் பரிசோதனை கிடையாது. பதிவுக்குத் தப்பிப் பெண்கள் ஒளிந்தார்கள், ஊரை விட்டு ஓடினார்கள். இங்கிலாந்தில் ஜோஸஃபின் பட்லர் பல வருஷம் போராடியதன் பலனாக அங்கே 1886இலும் இங்கே 1888இலும் சட்டம் நீங்கியது. ஆக, அனுமதித்த சட்டமும் சரி, அடக்கிய சட்டமும் சரி, முதலில் செய்தது பெயரை ஒரு பட்டியலில் ஏற்றியதுதான். ஸ்வீடன் 1999இல் வாங்குபவனை மட்டும் குற்றவாளியாக்கியது, ஜெர்மனி 2002இல் தொழிலை அங்கீகரித்து 2017இல் பதிவைக் கட்டாயமாக்கியது, நியூஸிலாந்து 2003இல் ஒரே ஓட்டு வித்தியாசத்தில் குற்றப் பிரிவுகளை எடுத்துவிட்டது. இம்மூன்றையும் ‘சட்டபூர்வம்’ என்ற ஒரே சாக்கில் கட்டித்தான் நாங்கள் அன்றிரவு பேசிக்கொண்டிருந்தோம்.

தேவதாசி ஒழிப்பை இங்கே வேண்டுமென்றே இழுக்கவில்லை. கோயில் மானியம், ஜாதி, சங்கீதம் எல்லாம் சேர்ந்த வேறு சிக்கல் அது. 1927க்குப் பின் அங்கேயும் பெண்கள் மனு எழுதினார்கள் என்பதை மட்டும் ஞாபகப்படுத்துகிறேன்.

நான் பாங்க் குமாஸ்தா. கணக்குத் திறக்கும் படிவத்தில் ‘தொழில்’ என்று ஒரு கட்டம் உண்டு. அதில் எழுதியிருப்பதை யோசிக்காமல் கம்ப்யூட்டரில் ஏற்றுவது என் வேலை. அதனால்தானோ என்னவோ, கல்கத்தா ஸோனாகாச்சிப் பெண்கள் 1995இல் ஆரம்பித்த உஷா கூட்டுறவு சங்கத்தின் கதை என்னை அதிகம் பாதித்தது. வட்டிக்காரனிடமிருந்து தப்பத் தங்களுக்கென்று ஒரு சேமிப்பு ஸ்தாபனம் வேண்டும் என்றார்கள். உறுப்பினருக்கு நன்னடத்தை வேண்டும் என்று கூட்டுறவுச் சட்ட விதி குறுக்கே நின்றது. இல்லத்தரசிகள் என்று பதிந்துகொள்ளுங்களேன் என்று யோசனை சொல்லப்பட்டது. மறுத்துவிட்டார்கள். கடைசியில் விதிதான் வளைந்தது. போலீஸ் பட்டியலுக்குப் பயந்து ஒளிந்தவர்களின் வழி வந்தவர்கள், தங்கள் கணக்குப் புத்தகத்தில் தங்கள் தொழிலின் பெயரைத் தாங்களே எழுதக் கேட்டார்கள்.

ஒழிப்புவாதி நண்பர் இங்கே குறுக்கிடுவார்: ஏமாற்றிக் கொண்டுவந்து விற்கப்பட்ட சிறுமியும் அதே தெருவில்தானே இருக்கிறாள்? இருக்கிறாள். வறுமையில் ‘சம்மதம்’ என்ற சொல்லுக்கு எவ்வளவு கனம் என்றும் கேட்பார். இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. ஆனால் விற்கப்பட்ட சிறுமிக்காக எழுதிய சட்டம் வளர்ந்த பெண்ணைத் தெருவை விட்டுத் துரத்துவதில்தான் சுறுசுறுப்பு காட்டியிருக்கிறது. 1986 திருத்தத்தைப் பாருங்கள். தெருவில் அழைக்கும் குற்றத்துக்குப் பெண்ணுக்கு ஆறு மாதம் வரை சிறை. அதே குற்றத்தை ஆண் செய்தால் ஏழு நாளிலிருந்து மூன்று மாதம். இதில் எந்தச் சிறுமி காப்பாற்றப்பட்டாள்?

1999இல் கல்கத்தாவில் ஒரு பெண் அடித்துக் கொல்லப்பட்ட வழக்கில், 2011இல் ஸுப்ரீம் கோர்ட் தானாகவே ஒரு குழு அமைத்தது. இத்தொழிலைத் தொடர விரும்புவோர் கண்ணியத்தோடு தொடர்வதற்கான சூழ்நிலையை ஆராய்வது அதன் பணிகளில் ஒன்று. மத்திய சர்க்கார் ஆட்சேபித்தது. 2012இல் வாசகம் மாறிற்று: தொழிலாளர்கள் கண்ணியத்தோடு ‘வாழ்வதற்கான’ சூழ்நிலை. தொழிலைத் தொடர்வது காணாமல் போய்விட்டது. 2022 மே 19ஆம் தேதி உத்தரவில், சர்க்கார் மறுக்காத பரிந்துரைகள் அமலுக்கு வந்தன. போலீஸ் மரியாதையாக நடத்த வேண்டும். வீட்டு விலாசத்துக்கு அத்தாட்சி இல்லாவிட்டாலும், எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் அதிகாரி தரும் சான்றிதழை வைத்து ஆதார் அட்டை வழங்க வேண்டும். அட்டையில் தொழில் தெரியும்படி எந்தக் குறியும் இருக்கக்கூடாது.

அந்த அட்டையோடு வருகிறவளுக்கு எங்கள் கிளையிலும் கணக்குத் திறக்கலாம். விலாசம் இருக்கும். தொழில் கட்டத்தில் அவள் என்ன எழுதுவாளோ, அதை நான் ஏற்றுவேன். 20ஆம் பிரிவு இன்னும் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. அவளுக்கு ஒரு மாஜிஸ்திரேட் நோட்டீஸ் அனுப்ப நேர்ந்தால், இனி அதே விலாசத்துக்கு அனுப்பலாம்.