ஏழு வரிச் சீட்டுக்கு ஓர் உரை

சிவகாசியில் அச்சகக் கம்ப்யூட்டர்களைப் பழுது பார்க்கும் அண்ணாச்சி ஒருவர் எழுதித் தந்த சீட்டு இது. தினசரிக் காலண்டர் அட்டை ஒன்றின் பின்புறத்தில், நீலப் பேனாவில் ஏழு வரி. இரண்டு பிராசஸர் போட்ட, வலுவான, ஆனால் சத்தமே இல்லாத பெட்டி ஒன்றை வீட்டில் அசெம்பிள் செய்யவேண்டும், பாகங்களின் பட்டியல் கொடுங்கள் என்று அவரிடம் போய் நின்றேன். பட்டியல் கிடைக்கவில்லை, இந்தச் சீட்டுதான் கிடைத்தது. பெட்டி கட்டி முடித்த பிறகுதான் ஒவ்வொரு வரியின் பொருளும் விளங்கியது. என்னைப்போல வீட்டிலேயே டிசைன் வேலை பார்ப்பவர்களுக்காக உரையோடு தருகிறேன்.

“மொதல்ல வேலையச் சொல்லு. அப்புறம் பெட்டியச் சொல்லு.”

எங்கள் ஊரில் ஆடிப்பெருக்கு அன்று காலண்டர் ஆல்பம் வெளியாகும். அதற்கு முந்தைய மாதங்களில் சாமி படங்களும் இயற்கைக் காட்சிகளும் இரவு பகலாகத் தயாராகும். பட்டாசுப் பெட்டி லேபிள்கள் தனி. நான் வேலை செய்வது இரவில். அடுத்த அறையில் குழந்தை தூங்குகிறது. சத்தமில்லாத பெட்டி கேட்டதற்குக் காரணம் அதுதான்.

ஆனால் அண்ணாச்சி கேட்டது வேறு: “ஒரு வேலையப் பத்துப் பேருக்குப் பிரிச்சுக் குடுக்க முடியுமா?” கோரல்டிராவில் ஒரு லேபிளை வரைவது ஒற்றை ஆள் வேலை. அங்கே பெரும்பாலும் ஒரே ஒரு கோர்தான் உழைக்கும், மற்றவை சும்மா நிற்கும். அதற்கு வேகமான ஒற்றை பிராசஸர் போதும். பிளெண்டரில் பட்டாசுப் பெட்டியை முப்பரிமாணமாக ரெண்டர் செய்வது, நூற்றுக்கணக்கான பக்கங்களை மொத்தமாக பிடிஎஃப் ஆக்குவது, பிளேட் எடுக்க ரிப் ஓட்டுவது இவையெல்லாம் பிரித்துக் கொடுக்கக்கூடிய வேலைகள். கோர் கூடக்கூட நேரம் குறையும்.

2005 வரை வீட்டுக் கம்ப்யூட்டரின் பிராசஸரில் ஒரே கோர்தான். இரட்டை வேண்டுமென்றால் இரண்டு பிராசஸரைத்தான் மாட்டவேண்டும். 1999இல் வந்த அபிட் பிபி6 மதர்போர்டில் மலிவான இரண்டு செலரான்களைப் போட்டு உலகமெங்கும் ஆர்வலர்கள் அதைச் செய்தார்கள். இன்று ரைசன் 9 வரிசையில் ஒரே சிப்புக்குள் 16 கோர் கிடைக்கிறது. ஆகவே பத்தில் எட்டுப் பேருக்கு இரட்டை பிராசஸர் தேவையில்லை என்பதே என் முடிவு. ரெண்டரே பிழைப்பாக இருந்து, பழைய சர்வர் சிப்புகள் மலிவாகக் கிடைத்தால் மட்டும் மேலே படியுங்கள்.

“ரெட்டைப் பிராசஸர்னா ரெட்டை அடுப்பு.”

பழைய சந்தையில் அதிகம் புழங்குவது இன்டெல் சியான் இ5 வரிசை. அதில் 2680 வி4 என்ற சிப்புக்கு 14 கோர், 120 வாட். இரண்டு போட்டால் 28 கோர், 240 வாட். அந்த வாட் அத்தனையும் கடைசியில் சூடாகத்தான் அறைக்குள் இறங்கும். சித்திரை மாதத்தில் விருதுநகர் வெக்கை போதாதென்று நாமே ஒரு அடுப்பைக் கூட்டி வைக்கிறோம்.

செலவையும் பாருங்கள். பெட்டி சராசரியாக 200 வாட் இழுத்தால் தினம் பத்து மணி நேரத்துக்கு 2 யூனிட், இரண்டு மாதத்துக்கு 120 யூனிட். வீட்டு இணைப்புக்கு அரசு தரும் 100 யூனிட் இலவசத்தை இந்தப் பெட்டி ஒன்றே விழுங்கிவிடும்.

விண்டோஸ் விஷயமும் இந்த வரியில் அடக்கம். ஹோம் பதிப்பு ஒரு சாக்கெட்டை மட்டும்தான் எடுத்துக்கொள்ளும், இரண்டாவது பிராசஸர் பூட்டிய கடைபோலக் கிடக்கும். ப்ரோ பதிப்பு வேண்டும். இ5 வி4 சிப்புகள் விண்டோஸ் 11 ஏற்கும் பட்டியலில் இல்லை, விண்டோஸ் 10க்கான ஆதரவோ 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. நான் அந்தப் பெட்டியில் லினக்ஸ் போட்டு ரெண்டருக்கு மட்டும் வைத்திருக்கிறேன். வரைவதெல்லாம் பழைய ஒற்றை பிராசஸர் பெட்டியில்தான்.

“சூட்டக் கொற. காத்தாடியப் பெருசாக்கு.”

ஏழு வரியில் இதுவே உயிர். கம்ப்யூட்டரில் சத்தம் போடுவது காற்றாடி. காற்றாடி வேகமாகச் சுற்றுவது சூட்டினால். சூடு பிறக்காவிட்டால் சத்தமும் பிறக்காது. அதனால் நான் 120 வாட் சிப்பை விட்டுவிட்டு 2650எல் வி4 தேடினேன். அதிலும் 14 கோர்தான், ஆனால் 65 வாட். அடிப்படை வேகம் 2.4 கிகாஹெர்ட்ஸுக்குப் பதில் 1.7. ரெண்டர் கொஞ்சம் தாமதமாகும். விடியும்வரை ஓடப்போகிற வேலைக்கு அது ஒரு குறையே இல்லை.

காற்றாடிக் கணக்கு எளிது. சுற்றும் வேகத்தைப் பாதியாக்கினால் சத்தம் ஏறக்குறைய 15 டெசிபல் இறங்கும். ஒரே மாதிரி இரண்டு காற்றாடி சேர்ந்து ஓடினால் 3 டெசிபல்தான் ஏறும். ஆகவே சின்னதாக ஒன்றை விரட்டுவதைவிடப் பெரிதாக நான்கை நிதானமாக ஓட்டுவது மேல். 12 அல்லது 14 சென்டிமீட்டர் காற்றாடிகளே வாங்குங்கள். சென்னை ரிச்சி தெருவில் பழைய ரேக் சர்வர் மலிவாகக் கிடைக்கிறதே என்று அப்படியே தூக்கி வராதீர்கள். பலகைபோல் தட்டையான அந்தப் பெட்டிகளில் 4 சென்டிமீட்டர் காற்றாடிகள் இருக்கும், குளவிக்கூட்டம் போல இரையும்.

வெளிநாட்டு விமர்சகர்கள் “சத்தமே இல்லை” என்று எழுதுவது 20, 22 டிகிரி அறையில் உட்கார்ந்து. அங்கே 62 டிகிரி காட்டும் சிப், நம் 38 டிகிரி அறையில் அதே காற்றாடி வேகத்தில் 78 காட்டும். அதை இறக்க நாம் காற்றாடியை முடுக்கவேண்டும், அமைதி போய்விடும். அதனால் அவர்கள் சொல்வதைவிட ஒரு அளவு பெரிய கூலரை வாங்குவதே நமக்குச் சரி. நாக்டுவாவின் யு12டிஎக்ஸ் ஐ4 இந்த சியான் சாக்கெட்டுக்கென்றே செய்தது. இந்த சாக்கெட்டின் பிடிமானத்தில் சதுரம், குறுகல் என்று இரண்டு வகை உண்டு. மதர்போர்டில் எது இருக்கிறது என்று பார்க்காமல் கூலர் வாங்கினால் திருகு உட்காராது.

பட்டாசுக்குச் சட்டம் வைத்த எல்லை, வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டரில் 125 டெசிபல். குடியிருப்புப் பகுதியில் இரவுக்கு வைத்த எல்லை 45. நாற்காலியில் உட்கார்ந்தால் 30க்குக் கீழே என்பது நான் எனக்கு வைத்துக்கொண்ட எல்லை.

“மெமரி ரெண்டு பக்கமும் சமமா இருக்கணும்.”

ஒவ்வொரு பிராசஸரும் தன் பக்கத்து மெமரியை நேராகத் தொடும். அடுத்ததன் மெமரி வேண்டுமென்றால் இடையிலுள்ள பாதை வழியாகப் போய்க் கேட்கவேண்டும், தாமதமாகும். ஒரு சிப்புக்கு நான்கு வழி, ஆக ஒரே வகையில் எட்டு ஸ்டிக். 16 ஜிபி வீதம் 128. சர்வருக்கான ரிஜிஸ்டர்டு மெமரியையும் சாதாரண மெமரியையும் கலக்கக்கூடாது, பெட்டி எழும்பாது.

“பவர் சப்ளை அரை வயித்துல ஓடணும்.”

இரண்டு சிப்புக்கு 130 வாட், கிராபிக்ஸ் கார்டுக்கு 120, மற்றதுக்கெல்லாம் 100 என்றால் மொத்தம் 350. இதற்கு 750 வாட் பவர் சப்ளை எதற்கு என்று கடையில் கேட்டார்கள். பாதிச் சுமையில்தான் அதன் திறன் உச்சத்தில் இருக்கும், அதன் காற்றாடியும் மெல்லச் சுற்றும். பிராசஸருக்கான எட்டு முனை இணைப்பு இரண்டு இருக்கிறதா என்றும் பார்த்து வாங்குங்கள். வீடுகளில் பரவலாக இருக்கும் 600 விஏ யுபிஎஸ் இதைத் தாங்காது. சைன் அலை தரும் 1 கேவிஏவாவது வேண்டும்.

“எர்த் பாத்துட்டுத் தொடு.”

மழை குறைவு, காற்றில் ஈரம் குறைவு என்பதால்தான் இந்த மண்ணில் தீப்பெட்டியும் பட்டாசும் வேரூன்றின. அதே வறட்சிதான் உடம்பில் நிலைமின்சாரத்தையும் சேர்க்கிறது. மருந்து கலக்கும் அறைக்குள் நுழையுமுன் வாசலிலுள்ள செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டுப் போவது ஆலைகளின் பாதுகாப்பு முறை. அங்கே ஒரு பொறி உயிர்களைக் கொண்டுபோகும். கம்ப்யூட்டரில் போவது ஒரு சிப் மட்டுமே, இரண்டையும் நான் ஒரே தட்டில் வைக்கவில்லை. ஆனால் பாடம் ஒன்றுதான். சுமார் 3000 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் நம் தோலுக்கே தெரியாது, சிப்புக்குச் சில நூறு வோல்ட்டே போதும். நைலான் சட்டையோடு உட்கார்ந்து மதர்போர்டை எடுக்காதீர்கள். மணிக்கட்டுப் பட்டை மாட்டி அதை எர்த்தோடு இணையுங்கள்.

அந்த எர்த் உண்மையிலேயே இருக்கிறதா? எலக்ட்ரீஷியனை அழைத்துச் சோதித்தபோது என் வீட்டு எர்த் பேருக்குத்தான் இருந்தது. உப்பும் கரியும் போட்ட குழி கோடையில் காய்ந்து கிடந்தது. வாரம் ஒருமுறை இரண்டு குடம் தண்ணீர் ஊற்றச் சொன்னார். இன்றுவரை ஊற்றி வருகிறேன்.

“பெட்டிக்கு மூச்சு வேணும். பஞ்சு ஒட்டாத.”

சத்தத்தை அடக்கப் பெட்டிக்குள் பஞ்சுத் தகடு ஒட்டுவார்கள். குளிர்ந்த நாட்டில் சரி. இங்கே அது சூட்டையும் சேர்த்து அடைக்கும், காற்றாடி இன்னும் கத்தும். முன்புறம் வலை வைத்த பெட்டி வாங்குங்கள். இரட்டை சாக்கெட் மதர்போர்டுகள் பலவும் 305க்கு 330 மில்லிமீட்டர் அளவு, அது உட்காரும் பெட்டியா என்று முதலில் அளந்து பாருங்கள். வலைக்குப் பின்னால் கழற்றிக் கழுவக்கூடிய தூசி வடிகட்டி அவசியம். கரிசல் தூசி ஒரு பக்கம், அச்சகம் பக்கத்தில் இருந்தால் மை ஒட்டாமலிருக்கத் தாளின்மேல் தூவும் ஸ்டார்ச் பவுடர் ஒரு பக்கம். கூலரின் தகடுகளுக்கிடையே இரண்டும் படிந்தால் அமைதி மூன்றே மாதத்தில் போய்விடும். மாதம் ஒருமுறை வடிகட்டியைக் கழுவுங்கள்.

பாகம் வாங்கக் கிளம்புமுன் ஒரு காரியம் செய்யுங்கள். சித்திரை மாத மதியம் மூன்று மணிக்கு, பெட்டி வைக்கப்போகும் மூலையில் ஒரு வெப்பமானியை வையுங்கள். அது காட்டும் எண்ணை எழுதி எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.