வானத்தில் வழி கேட்டவர்கள்

தரையில் வழி தவறினால் பெரிய நஷ்டம் ஒன்றுமில்லை. ஒரு டீக்கடை வாசலில் நின்று விசாரித்துக்கொண்டு மேலே நடக்கலாம். ஆகாயத்தில் நிற்க முடியாது. பெட்ரோல் தீருவதற்குள் இறங்க ஓர் இடம் கண்டாக வேண்டும். ஆகவே, சொந்தமாகச் சிறு விமானம் ஓட்டுகிறவர்களின் சரித்திரம் பெரும்பாலும் வழி கேட்ட சரித்திரம்தான்.

முதலில் அவர்கள் வழி கேட்டது மாலுமிகளைப் போல, கண்ணால். வங்கக் கடலில் வந்த கப்பல்காரர்கள் மாமல்லபுரத்துக்கு 'ஏழு கோயில்' என்று பெயர் வைத்துக் கரையை அடையாளம் கண்டார்கள். இன்றைய கலங்கரை விளக்கம் எழும்புமுன், பாறையின் மேலுள்ள ஓலக்கண்ணேசுவரர் கோயிலின் உச்சியிலேயே அவர்களுக்காக விளக்கேற்றினார்கள். வைமானிகர்களுக்கோ ரயில் பாதையே ராஜபாட்டை. முழங்காலின் மேல் ஒரு படம், எதிரே திசைகாட்டி, கையில் கடிகாரம், இவ்வளவுதான் மூலதனம்.

1929-ம் ஆண்டில், இங்கிலாந்துக்கும் இந்தியாவுக்கும் இடையே ஒரு மாதத்துக்குள் தனியாகப் பறந்து முடிக்கும் முதல் இந்தியருக்கு ஆகாகான் ஒரு பரிசு அறிவித்தார். மன்மோகன் சிங் என்ற இளைஞர் புறப்பட்டார். ஐரோப்பாவின் மூடுபனியில் வழி தவறித் திரும்பினார். சளைக்காமல் மறுபடியும் கிளம்பிக் கராச்சிக்கு வந்து சேர்ந்தார். ஆனால் அதற்குள் ஒரு மாதக் கெடு கடந்துவிட்டது. பரிசு ஆஸ்பி எஞ்சினீருக்குப் போயிற்று. எகிப்தில் அவருடைய விமானத்துக்கு ஸ்பார்க் பிளக் கொடுத்து உதவியவர், எதிர்த்திசையில் பறந்துகொண்டிருந்த போட்டியாளரான ஜே.ஆர்.டி. டாட்டா! அந்த டாட்டாதான் 1932 அக்டோபர் 15 அன்று கராச்சியிலிருந்து ஆமதாபாத் வழியாகப் பம்பாய்க்குத் தபால் மூட்டையுடன் பறந்தார். பம்பாயிலிருந்து நெவில் வின்சென்ட் அதை வாங்கிக்கொண்டு பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுவந்து சேர்த்தார். தரையிலிருந்து திசை சொல்ல அந்த விமானங்களில் ரேடியோ கிடையாது.

எங்கள் ஊரப்பாக்கத்துக்கு மேலே அப்படி ஒருவர் பறப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். தாம்பரத்திலிருந்து ரயில் பாதையும் டிரங்க் ரோடும் கூடவே வரும். வண்டலூர்க் காடு தெரியும். செங்கற்பட்டை நெருங்கியதும் கொளவாய் ஏரி பளிச்சென்று மின்னும். அங்கிருந்து கிழக்கே திரும்பினால் கடற்கரை. இதைவிட வேறென்ன வேண்டும் என்று தோன்றுகிறதல்லவா? ஆனால், இது ஏரிகளின் சீமை. டிசம்பரில் கடலாகத் தளும்புகிற ஏரி, மே மாதத்தில் மாடு மேயும் புல்வெளி. படத்தில் நீலமாக இருப்பது பூமியில் செம்மண்ணாக இருக்கும். நேற்றைய வயல் இன்றைக்கு வீட்டு மனை. கண்ணை மட்டும் நம்பினால் கண்ணே ஏமாற்றும்.

நல்ல படத்துக்கு நல்ல அளவை வேண்டும். அந்தக் கதையும் இந்தப் பக்கத்தில்தான் ஆரம்பம். 1802-ம் ஆண்டு ஏப்ரல், மே மாதங்களில், வில்லியம் லாம்டன் பரங்கிமலை அருகிலிருந்து ஏழரை மைல் நீளத்துக்கு ஓர் அடிக்கோடு அளந்தார். நூறு அடி எஃகுச் சங்கிலிதான் கருவி. வெயிலில் சங்கிலி நீளுமே என்று பக்கத்திலேயே வெப்பமானி வைத்துக் கணக்குப் பார்த்தார். இந்தியாவின் பெரிய நில அளவை அங்கே வேரூன்றியது. அதைப் பிற்பாடு நடத்திய எவரெஸ்டின் பெயரால் பூமிக்கு ஓர் உருவக் கணக்கு ஏற்பட்டது. பழைய இந்தியப் படங்கள் அதன்மேல் வரையப்பட்டவை. செயற்கைக் கோள்கள் பின்பற்றுவதோ வேறு கணக்கு. இரண்டையும் அறியாமல் கலந்தால், சென்னைப் பக்கத்தில் நீங்கள் இருக்கும் இடம் ஏறத்தாழ இருநூறு மீட்டர் தள்ளிப் போய்விடும்!

செயற்கைக் கோள் வழிகாட்டி, அதாவது ஜி.பி.எஸ்., அமெரிக்க ராணுவத்தின் சொத்து. 1983 செப்டம்பர் 1 அன்று பாதை விலகிய கொரியப் பிரயாணி விமானம் ஒன்றை ரஷ்யர்கள் சுட்டு வீழ்த்தினார்கள். 269 பேர் மாண்டார்கள். அதன் பிறகே, அதைப் பொதுமக்களும் உபயோகிக்கலாம் என்று ஜனாதிபதி ரீகன் அறிவித்தார். வேண்டுமென்றே புகுத்தியிருந்த பிழை 2000 மே மாதத்தில் நீங்கியது. நம் நாட்டில் காந்த நடுக்கோடு தென்கோடியின் மேல் செல்வதால், ஆகாயத்தின் மின் அடுக்கு குறிகளை அதிகமாகத் தடுமாறச் செய்கிறது. அதைத் திருத்தவே 'ககன்' என்ற ஏற்பாட்டை இஸ்ரோவும் விமான நிலைய ஆணையமும் உருவாக்கின.

2010-ல் ஐபேட் வந்தது. முழங்கால் படம் கண்ணாடிப் பலகையாயிற்று. ஃபோர்ஃபிளைட், கார்மின் பைலட், ஸ்கைடெமன் என்று செயலிகள் பல. எதைத் தேர்ந்தெடுப்பது? விலையும் அழகும் பிற்பாடு. முதலில், அந்தச் செயலி இந்திய வான்வெளியை அறியுமா என்று பாருங்கள். தாம்பரத்தில் விமானப் படைத்தளம்; கல்பாக்கத்தில் அணுமின் நிலையம். அதன் மேல் பறக்கத் தடையுண்டு. இத்தகைய எல்லைகளைக் குறிக்கும் தகவல்கள் 28 நாளுக்கு ஒரு தரம் புதுப்பிக்கப்படுகின்றன; பழைய படம் பகைவன்.

அடுத்து, பலகை. வைஃபை மட்டும் உள்ள ஐபேடில் ஜி.பி.எஸ். கிடையாது, சிம் போடும் வகையில்தான் உண்டு. இல்லாதவர்கள் தனியாக ஒரு வாங்கியை இணைக்க வேண்டும். ககன் குறியை ஏற்கும் வாங்கியானால் மெத்தச் சரி. மூன்றாவது, வெயில். ஐபேட் வேலை செய்யும் உஷ்ணம் 35 டிகிரி வரையில்தான் என்று தயாரிப்பாளரே சொல்கிறார். நம் கத்திரி வெயிலில், கண்ணாடிக் கூண்டுக்குள், அது எவ்வளவு நேரம் தாங்கும்? லாம்டன் சங்கிலிக்கு அஞ்சிய வெயில் இன்னும் அங்கேயேதான் இருக்கிறது.

கடைசியாக ஒரு விஷயம். 2025 நவம்பரில் டில்லி விமான நிலையத்தை நெருங்கிய சில விமானங்களுக்கு யாரோ பொய்க் குறிகளை அனுப்பினார்கள். தரையிலுள்ள பழைய சாதனங்கள் இருந்ததால் அவை தப்பின. சிறு விமானத்தில் அந்தப் பழைய சாதனம், திசைகாட்டியும் காகிதப் படமும் ஜன்னலுக்கு வெளியே தெரியும் பூமியும்தான். நல்ல கருவியை வாங்குங்கள். அது சொல்வதை அவ்வப்போது ரயில் பாதையோடு ஒத்துப் பாருங்கள். கருவி ஓரிடத்தைச் சொல்லி, தண்டவாளம் வேறோர் இடத்தைச் சொன்னால், தண்டவாளத்தையே நம்புங்கள். அதை யாரும் வானத்திலிருந்து நகர்த்த முடியாது.